முதலில் புத்தகம் வரட்டும், பிறகு எழுத்தாளர்

பள்ளிக்கு ஓர் எழுத்தாளர் வருகிறார் என்றதும் பெரும்பாலான இடங்களில் முதல் வேலையாகப் பேனருக்குச் சொல்லிவிடுகிறார்கள். அடுத்து பொன்னாடை. பிறகு யார் தலைமை, யார் முன்னிலை, யார் நன்றியுரை என்ற பேச்சு. வருகிறவர் எழுதிய புத்தகத்தில் ஒரு படிகூட அந்த வளாகத்துக்குள் இருக்காது. நானூறு பிள்ளைகள் வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஒன்றரை மணி நேரம் மைக்கில் பேச்சு ஓடும். பின்வரிசையில் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் கேட்டால், "ஒரு சார் வந்தாரு, பேசினாரு" என்பதற்கு மேல் எதுவும் வராது. பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. தான் படிக்காத புத்தகத்தை எழுதியவர் ஒரு பிள்ளைக்கு இன்னொரு விருந்தினர், அவ்வளவுதான்.

இதே சந்திப்பைத் தலைகீழாக மாற்றி, புத்தகத்தை மூன்று வாரம் முன்னால் வகுப்புக்குள் விட்டுவிட்டு, எழுத்தாளரை அதன் பின்னால் வரவைத்தால் நடப்பதே வேறு. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "அந்தக் கதையில வர்ற கெணறு நெசமாவே இருக்கா?" என்று ஒரு குரல் வரும். இந்தக் கட்டுரை அந்த மூன்று வாரத்தையும், சந்திப்பு நாளையும், அதற்குப் பிந்தைய ஒரு மாதத்தையும் பற்றியது. அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் 5 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் ஏதாவது ஒன்று, சுமார் 40 பிள்ளைகள் என்ற அளவை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். உயர்நிலைப் பள்ளிக்கும் பொருந்தும். பத்தாம் வகுப்பைத் தொடாமல் இருப்பது நல்லது. அங்கே எந்த நிகழ்ச்சியும் பொதுத்தேர்வின் நிழலில்தான் நடக்கும்.

யாரை, எப்போது

பெரிய பெயர் தேவையில்லை. பார்க்க வேண்டியது மூன்று. உங்கள் வகுப்புப் பிள்ளை இரண்டு மூன்று அமர்வில் முடிக்கக்கூடிய புத்தகம் அவரிடம் இருக்கிறதா? அது கடையிலோ பதிப்பகத்திலோ இப்போது கிடைக்கிறதா? பத்துப் படி வாங்கினால் கையைக் கடிக்காத விலையா? 16 முதல் 48 பக்கம் வரையுள்ள கதைப் புத்தகங்கள் இதற்குச் சரியாக வரும். பெரியவர்களுக்கான நாவல் எழுதிப் பெயர் பெற்றவரை அழைத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் கொடுக்க அவர் எழுதியது எதுவும் இல்லாமல் திண்டாடுவது அடிக்கடி நடக்கிறது.

சாகித்ய அகாதெமி 2010 முதல் ஆண்டுதோறும் பால சாகித்ய புரஸ்கார் வழங்கிவருகிறது. அந்தப் பட்டியலில் தமிழுக்குரிய பெயர்களைப் பார்க்கலாம். 1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் கொண்டுவரும் 'துளிர்' இதழில் எழுதுகிறவர்கள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். அறிவியல் எழுதுகிறவரும் எழுத்தாளர்தான் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டிய ஒன்று. இப்போது எல்லா மாவட்டத்திலும் புத்தகக் கண்காட்சி நடக்கிறது. அங்கே சிறார் நூல் அரங்கில் நின்று பேசினால் பக்கத்து ஊரிலேயே ஒருவர் இருப்பது தெரியவரும். படம் வரைகிறவரை அழைப்பதையும் யோசியுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளையும் படத்தைப் பற்றி வாய் ஓயாமல் பேசும்.

காலத்தைப் பொறுத்தவரை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைப் போல் வசதியான நேரம் இல்லை. ஜூன் முழுக்கச் சேர்க்கையும் பாடநூல் விநியோகமுமாகப் போகும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. அக்டோபர் கடைசியிலிருந்து மழை விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நவம்பர் 14 அன்று எல்லாப் பள்ளியும் ஒரே ஆட்களைத்தான் அழைக்கும். அவர்களும் ஒரே நாளில் மூன்று பள்ளிக்கு ஓடுவார்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, பொங்கல். ஜூலையில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போதும். விழா நாள் இல்லாததே அதன் பலம்.

அழைக்கும்போது வழவழா என்று பேசாமல் ஐந்து செய்தியை முதல் அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும்: எந்த வகுப்பு, எத்தனை பேர், எந்தப் புத்தகத்தைப் படிக்கப்போகிறார்கள், எத்தனை நிமிடம், என்ன தர முடியும். கடைசியதைச் சொல்லத்தான் பலரும் கூச்சப்படுகிறார்கள். "உங்க புத்தகத்துக்கு நல்ல விளம்பரம் சார்" என்று சொல்லி ஒருநாள் முழுவதையும் இலவசமாக வாங்கிக்கொள்வது நியாயமே இல்லை. அவர் அந்த நாள் சம்பளத்தையோ வேலையையோ விட்டுவிட்டு வருகிறார். போக்குவரத்துச் செலவு, சாப்பாடு, ஒரு மதிப்பூதியம். தொகை சிறிதானாலும் சரி, "எங்களால் இவ்வளவுதான் முடியும் ஐயா" என்று முன்னாலேயே சொன்னால் யாரும் தவறாக நினைப்பதில்லை. அதே ஒன்றியத்தில் இன்னொரு பள்ளியையும் சேர்த்துக்கொண்டு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என வைத்தால் செலவு பாதியாகும். ஒரு நாளில் இரண்டு அமர்வுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் தொண்டையும் போய்விடும், பொறுமையும் போய்விடும்.

வகுப்பின் உண்மை நிலையையும் மறைக்காமல் சொல்லுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் வருகின்றன அல்லவா, அந்தக் கணக்கிலேயே சொல்லலாம். "ஏழாம் வகுப்புதான், ஆனால் எட்டுப் பேர் இன்னும் 'நுழை'யில் இருக்கிறார்கள்" என்று தெரிந்தால் அவர் அதற்கேற்பத் தயாராக வருவார். இதைச் சொல்வது பள்ளிக்குக் கௌரவக் குறைவு என்று நினைத்து மறைத்தால், அந்த எட்டுப் பேருக்குத்தான் நஷ்டம்.

அனுமதி விஷயத்தில் அசட்டை கூடாது. வெளியிலிருந்து ஒருவர் பள்ளிக்குள் வந்து பிள்ளைகளோடு பேசுகிறார். யார், எந்த நூல், எந்த நேரம் என்று எழுதித் தலைமை ஆசிரியர் வழியாக மேலே அனுப்பி, எழுத்தாகவே ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் ஒரு வரி பதிவு செய்யுங்கள். பெற்றோருக்குத் தெரிந்திருந்தால் வீட்டிலும் அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச்சு நடக்கும்.

மூன்று வாரம்

நாற்பது பேருக்குப் பத்துப் படி. நான்கு பேருக்கு ஒன்று. புத்தகம் 60 ரூபாய் என்றால் 600 ரூபாய். பேனருக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கும் பணத்திலேயே இது அடங்கிவிடும். ஒரே ஒரு படியை வாங்கி ஆசிரியர் மட்டும் படித்துக் காட்டினால் பாதி வேலைதான் நடக்கும், ஏனென்றால் புத்தகம் பிள்ளையின் கைக்கு வர வேண்டும். முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுக்காதீர்கள். அதை எழுதியவரையே அழைத்துவிட்டு அவருக்கு வர வேண்டிய உரிமைத் தொகையில் கை வைப்பது சரியல்ல. வாங்குவதற்கு முன் உங்கள் பள்ளி அலமாரியை ஒருமுறை திறந்து பாருங்கள். கட்டுப் பிரிக்காத புத்தகங்களுக்குள் அவருடையது ஒன்றிரண்டு இருந்தாலும் இருக்கும்.

முதல் வாரம் ஆசிரியர் வாய்விட்டுப் படிக்கிறார். தினமும் கடைசிப் பாடவேளையில் 15 நிமிடம். நடுவில் அருஞ்சொற்பொருள் சொல்லக் கூடாது, "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேட்கவும் கூடாது. கதை ஒரு முடிச்சில் நிற்கும் இடத்தை முதல்நாள் இரவே பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொண்டு, சரியாக அங்கே மூடிவிட வேண்டும். மூடும்போது வகுப்பு "ஆ…" என்று இழுத்தால் குறித்த இடம் சரி. அந்தச் சத்தம் வரவில்லை என்றால் அடுத்த நாள் படிக்கும் வேகத்தையும் குரலையும் மாற்றிப் பார்க்கலாம்.

இரண்டாம் வாரம் நால்வர் குழு. நன்றாகப் படிக்கிறவர் ஒருவர், ஓரளவு படிக்கிறவர் இருவர், திணறுகிறவர் ஒருவர் என்று கலந்து உட்கார வைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம். திணறுகிற பிள்ளைக்குப் படத்துக்குக் கீழே இரண்டு வரி மட்டும் இருக்கும் பக்கம் விழுகிற மாதிரி வரிசையை அமைத்துவிடுங்கள். அது தற்செயலாக நடந்தது போலவே இருக்கட்டும். வீட்டுக்குப் புத்தகம் கொடுத்தனுப்புவதும் இந்த வாரத்தில்தான். குழுவுக்குள் நாளுக்கு ஒருவர் என்று சுற்றும்.

புத்தகம் வீட்டுக்குப் போனால் கிழியும், மழையில் நனையும், தம்பி கிறுக்குவான். அலமாரி பூட்டியே கிடப்பதற்கு ஆசிரியர்களின் சோம்பல் காரணம் இல்லை. தணிக்கையின்போது இருப்புப் பதிவேட்டில் உள்ள எண்ணிக்கை குறைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான் காரணம். அதனால் இந்தப் பத்துப் படியையும் பதிவேட்டில் ஏற்றாமல் வகுப்பின் புத்தகமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அட்டை கழன்றால் பிள்ளைகளே பசை போட்டு ஒட்டட்டும். மாதக் கடைசியில் நாய்க்காது மடிந்து, எண்ணெய்க் கறை பட்டுத் திரும்பி வரும் புத்தகம் நன்றாக வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

கேள்விப் பெட்டி

மூன்றாம் வாரம் முழுக்கக் கேள்விக்கு. சந்திப்பு உயிரோடு இருக்குமா, சம்பிரதாயமாகப் போகுமா என்பது இந்த ஒரு வாரத்தில் முடிவாகிவிடும்.

பல இடங்களில் தமிழாசிரியர் பத்துக் கேள்வி எழுதி, பேச்சுப் போட்டிக்குப் போகிற நான்கு பிள்ளைகளிடம் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்கிறார். "தாங்கள் எழுத்துலகிற்கு வந்ததன் நோக்கம் யாது?" என்று ஒரு சிறுமி கண்ணைக் கூரையில் நிறுத்திக்கொண்டு ஒப்பிப்பாள். அவர் சொல்லும் பதில் அவள் காதில் ஏறாது. கேள்வியைத் தவறில்லாமல் சொல்லி முடித்த நிம்மதியில் உட்கார்ந்துவிடுவாள்.

அதற்குப் பதிலாக ஏ4 தாளை நான்காகக் கிழித்து, ஆளுக்கு இரண்டு சீட்டு கொடுங்கள். பெயர் எழுதத் தேவையில்லை என்று சொல்லுங்கள். ஒரு காலி சாக்பீஸ் பெட்டியை மேசைமேல் மூன்று நாள் வையுங்கள். எண்பது சீட்டு சேரும். அவற்றைப் பிள்ளைகளோடு தரையில் பரப்பி மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். பதில் புத்தகத்துக்குள்ளேயே இருப்பவை ஒன்று. ஊர், வயது, எத்தனை புத்தகம் என்பது போல வேறு இடத்தில் தேடினாலும் கிடைப்பவை இன்னொன்று. அவரைத் தவிர வேறு யாராலும் பதில் சொல்ல முடியாதவை மூன்றாவது. இப்படிப் பிரிக்கிற 40 நிமிடமே நல்ல வாசிப்பு வகுப்பு. "இது புத்தகத்துலயே இருக்குடா" என்று ஒருவன் சொல்ல, "எங்க, காட்டு" என்று மற்றவன் கேட்க, இருவரும் பக்கத்தைப் புரட்டுவார்கள். தேர்வுக்குப் படிக்கும்போது தேடிப் பார்க்கச் சொல்லி நாம் கெஞ்சுகிற அதே வேலை, இங்கே தானாக நடக்கிறது.

மூன்றாம் குவியலில் இருப்பவை எப்படி இருக்கும்? "அந்த நாயைச் சாகடிச்சிட்டீங்களே, நீங்க நினைச்சிருந்தா காப்பாத்தியிருக்கலாம்ல?" "வில்லன் பேரு எங்க மாமா பேரு மாதிரியே இருக்கு, ஏன் அந்தப் பேரு வெச்சீங்க?" "எழுதும்போது அழுகை வந்துச்சா?" "இந்தக் கதை புடிக்கலன்னு யாராச்சும் சொன்னாங்களா?" இவற்றைத் திருத்தாதீர்கள். மரியாதைக் குறைவாக இருக்கிறதே என்று "தாங்கள் அந்நாயைக் காப்பாற்றியிருக்கலாகாதா" என மாற்றினால் கேள்வி செத்துவிடும். பன்னிரண்டு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, எழுதிய பிள்ளையே கேட்கட்டும். பெயர் எழுதாததால் "இது யாருடையது?" என்றால் கை தூக்குவார்கள். தூக்காவிட்டால் வற்புறுத்தாமல் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க விடலாம். பன்னிரண்டில் பாதியாவது பெண்பிள்ளைகளுடையதாக, பாதியாவது பின்வரிசையிலிருந்து வருவதாகப் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. தானாக விட்டால் எப்போதும் பேசுகிற அதே நான்கு பேர்தான் பேசுவார்கள்.

அந்த நாள்

காலை 10 மணி வாக்கில் தொடங்கி இரண்டு பாடவேளை, அதாவது 80 நிமிடம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வைத்தால் அரைத்தூக்கத்தில் கேட்பார்கள். மேடை, மைக் எதுவும் வேண்டாம். நாற்பது பேர் உள்ள வகுப்பறையில் மைக் வைத்தால் குரல் சுவரில் மோதித் திரும்பும், கேட்பதைவிட இரைச்சல்தான் அதிகம். பெஞ்சுகளைப் பின்னால் தள்ளிவிட்டு, தரையில் மூன்று வரிசை அரைவட்டம். எழுத்தாளருக்கு ஒரு தாழ்வான நாற்காலி. அவர் தரையில் உட்கார விரும்பினால் இன்னும் நல்லது. ஜன்னல் அவருடைய முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகத் தெரியும், அதனால் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி உட்கார வையுங்கள். சத்தம் போடும் மின்விசிறியை அந்த நேரம் மட்டும் நிறுத்திவிடலாம்.

நேரக் கணக்கு இப்படி இருந்தால் சரிவரும். இரண்டு பிள்ளைகள் 3 நிமிடம் வரவேற்கிறார்கள், பூவோ புத்தகமோ கொடுத்து. அவர் தன் புத்தகத்திலிருந்து 10 நிமிடம் படிக்கிறார். அந்தக் கதை எப்படி வந்தது என்று 10 நிமிடம் சொல்கிறார். கேள்விகளுக்கு 25. எல்லாரும் எழுத 20. எழுதியதில் ஐந்தாறு பேர் படிக்க மீதி 12. வாழ்த்துரை, சிறப்புரை எதற்கும் இதில் இடமில்லை. ஊர்ப் பெரியவர்கள் வந்தே ஆக வேண்டும் என்றால் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொல்லிவிடுங்கள். வகுப்பறைக்குள் அவர்களும் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்கட்டும்.

எழுத்தாளரிடம் முன்கூட்டியே இரண்டு வேண்டுகோள் வையுங்கள். ஒன்று, அறிவுரை வேண்டாம். "செல்போன் பார்க்காதீங்க, நல்லாப் படிச்சு முன்னுக்கு வாங்க" என்பதைப் பிள்ளைகள் தினமும் கேட்கிறார்கள். எழுத்தாளரும் அதையே சொன்னால் அவரையும் அந்த வரிசையில் வைத்துவிடுவார்கள். இரண்டாவது, அடித்துத் திருத்திய கையெழுத்துப் பக்கம் ஒன்றையாவது கொண்டுவரச் சொல்லுங்கள். கணினியிலேயே எழுதுகிறவர் என்றால் முதல் வரைவையும் கடைசி வரைவையும் அச்செடுத்து வரட்டும்.

இந்த ஒரு தாள் செய்கிற வேலையை ஒரு மணி நேரப் பேச்சு செய்யாது. நீல மையில் எழுதி, சிவப்பில் அடித்து, ஓரத்தில் அம்புக்குறி போட்டு, "வேண்டாம்" என்று கிறுக்கி, ஒரு பத்தியை முழுசாகக் குறுக்குக்கோடு போட்டுத் தள்ளிய பக்கம். அதைக் கையில் பிடித்துக் காட்டியதும் மூன்று வரிசையும் முட்டி போட்டு முன்னால் நகரும். "எவ்ளோ அடிச்சிருக்காரு பாரேன்." நம் பிள்ளைகள் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினால்தான் நல்ல நோட்டு என்று பழக்கப்பட்டவர்கள். அடித்தால் கையெழுத்துக்கு மதிப்பெண் போகும். அடிக்க வேண்டுமே என்ற பயத்தில் முதல் வரியையே எழுதாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. அச்சுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க விடுங்கள். எந்தச் சொல் போனது, எது வந்தது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். தாளை ஏ3 அளவில் பெரிதாக ஜெராக்ஸ் எடுத்து வகுப்பிலேயே வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள், அநேகமாகக் கொடுத்துவிடுவார்கள்.

சில எச்சரிக்கைகள். ஆசிரியர் ஒருவர் முழு நேரமும் வகுப்பில் இருக்க வேண்டும். வெளியாள் யாராக இருந்தாலும் பிள்ளைகளோடு தனியாக விடக் கூடாது. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் யாரும் இணையத்தில் போட வேண்டாம் என்று வந்தவரிடமும் சொல்லிவிடுங்கள். வகுப்பறையில் புத்தக விற்பனை கூடாது. ஐந்து பேர் காசு கொடுத்து வாங்க, முப்பத்தைந்து பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கையெழுத்து வாங்க ஆசைப்படுவார்கள், அதற்கு ஒரே அளவில் வெட்டிய அட்டை நாற்பது தயாராக இருந்தால் எல்லாருக்கும் கிடைக்கும். மதியம் அவர் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சத்துணவு சாப்பிட முடிந்தால், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அங்கே முட்டையைப் பிட்டுக்கொண்டே பேசத் தொடங்கும்.

நேரில் வர முடியாதவரோடு காணொளி அழைப்பும் நடத்தலாம். 25 நிமிடத்துக்கு மேல் நீட்டாமல், கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டால் நன்றாகவே போகும். ஒலிபெருக்கியை முதல்நாளே சோதித்துவிடுங்கள்.

எழுதுகிற இருபது நிமிடம்

"மழையைப் பற்றி எழுதுங்கள்" என்று சொன்னால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று மூன்று தலைப்புப் போட்டு, மழை உயிர்களுக்கு இன்றியமையாதது என்று தொடங்குவார்கள். "ஒரு கதை எழுதுங்கள்" என்றால் ஒரு ஊரில் ஒரு ராஜா வந்துவிடுவார். பிள்ளைகளுக்குக் கற்பனை இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. இடம் அகலமாக இருந்தால் எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் பழகிய தடத்தில் போகிறார்கள். இடத்தைக் குறுக்க வேண்டும். "உங்க வீட்டுல ஒரு பொருள் தொலைஞ்சுபோச்சு. அதைக் கடைசியாப் பார்த்தது ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டி சொல்ற மாதிரி ஐந்தே வரி." "தண்ணி லாரி வர்ற நேரம். வரிசையில நிக்கிற குடத்துல ஒண்ணு பேசுது." இப்படி ஒரு பொருள், ஒரு குரல், ஒரு வரம்பு இருந்தால் இரண்டு நிமிடத்தில் பேனா ஓடத் தொடங்கும். எழுத்தாளரும் ஆசிரியரும் அதே நேரத்தில் உட்கார்ந்து எழுத வேண்டும். பெரியவர்கள் நின்று மேற்பார்வை பார்த்தால் அது தேர்வு அறையாகிவிடும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. மனத்தில் ஓடுவது வீட்டுப் பேச்சு, தாளில் எழுதச் சொல்வது நூல் தமிழ். "ஆத்தா வையும்" என்று நினைப்பு வருகிறது, "தாய் திட்டுவார்" என்று மாற்றுவதற்குள் நினைத்தது பறந்துவிடுகிறது. அதனால் ஆள்கள் பேசுகிற இடத்தில் வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எழுத்தாளரே தன் புத்தகத்தில் அப்படி எழுதிய இடத்தைப் படித்துக் காட்டினால் தயக்கம் போய்விடும். கதை சொல்கிற இடத்திலும் பேச்சு நடை வந்தால் முதல் வரைவில் விட்டுவிடுங்கள். அதேபோல ர, ற மயக்கமும் ல, ள, ழ மயக்கமும் ந, ன, ண மயக்கமும் அன்றைக்குக் கண்ணில் படவே கூடாது. சிவப்பு மை எடுத்தால் அந்த வகுப்பின் எழுத்து அத்தோடு நின்றுவிடும். எழுத்துப்பிழை திருத்தத் தனிக் கட்டம் பின்னால் வருகிறது, அங்கே பிள்ளைகளே திருத்துவார்கள்.

எழுத முடியாத பிள்ளை வரையட்டும், வரைந்ததைச் சொல்லட்டும், நண்பனோ ஆசிரியரோ சொன்ன சொல் மாறாமல் கீழே எழுதட்டும். திருப்பூர், சென்னை போன்ற ஊர்களில் இந்தியும் ஒடியாவும் பேசுகிற வீட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கும் இந்த வழி நன்றாக உதவுகிறது. தங்கள் மொழிச் சொல் ஒன்றிரண்டைத் தமிழ் எழுத்தில் அப்படியே வைத்துக்கொள்ளவும் விடலாம்.

பரிசு கொடுக்காதீர்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று அறிவித்தால் மூன்று பேர் மகிழ்வார்கள், மற்றவர்கள் தமக்கு எழுத வராது என்று தீர்மானித்துவிடுவார்கள். அதைச் சொன்னது ஓர் எழுத்தாளர் என்பதால் காயமும் ஆழமாக இருக்கும்.

அவர் போன பிறகு

மறுநாளே தொடங்க வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் சூடு ஆறிவிடும். முதல் வேலை, நேற்று எழுதியதை எல்லாம் பின்சுவரில் கயிறு கட்டித் துணிக்கிளிப்பில் தொங்கவிடுவது. எல்லாருடையதும், தேர்ந்தெடுக்காமல்.

இரண்டாவது வேலை கடிதம். அஞ்சல் அட்டை விலை 50 பைசா, நாற்பது பேருக்கு 20 ரூபாய். கரும்பலகையில் ஒரு மாதிரியை எழுதிப்போட்டால் நாற்பதும் ஒன்றுபோல இருக்கும். அதை வாங்குகிறவர் முதல் இரண்டைத்தான் படிப்பார். "நேத்து கேட்க நினைச்சு கேட்காம விட்டது" என்ற ஒரு தலைப்பு மட்டும் கொடுத்தால் போதும். வகுப்புக்குச் சேர்த்து ஒரு பதில் கடிதமாவது எழுத வேண்டும் என்பதை அழைக்கும்போதே அவரிடம் பேசி வைத்திருங்கள். பதில் வராமல் போனால் பிள்ளைகள் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்த நான்கு வாரம், வாரத்துக்கு ஒரு பாடவேளை ஒதுக்கிக் கைப்புத்தகம் செய்யலாம். முதல் வாரம் ஐந்து வரியை வளர்ப்பது. இரண்டாம் வாரம் பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக் காட்டி, "எங்க புரியல?" என்று கேட்டு மாற்றுவது. மூன்றாம் வாரம் இருவர் இருவராக அகராதியோடு பிழை பார்ப்பது. நான்காம் வாரம் படி எடுத்துக் கட்டுவது.

ஒரே தாளில் எட்டுப் பக்கப் புத்தகம் செய்வதுதான் எளிது. ஏ4 தாளை நீளவாக்கில் ஒருமுறை பாதியாக மடித்து விரியுங்கள். குறுக்குவாக்கில் பாதியாக, மறுபடி பாதியாக மடித்து விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது குறுக்கே பாதியாக மடித்து, மடிந்த விளிம்பிலிருந்து நடுக்கோட்டின் மேல் ஒரு கட்ட நீளம் மட்டும் கத்தரியுங்கள். கத்தரி அடுத்த மடிப்பைத் தாண்டினால் தாள் இரண்டாகப் போய்விடும், பலரும் தவறு செய்வது இந்த இடத்தில்தான். விரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் நடுப்பிளவு திறந்து கூட்டல் குறி போல நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தினால் புத்தகம். எழுதுவதற்கு முன்பே மடித்துப் பக்க எண் போட்டுவிட வேண்டும். விரித்த தாளில் பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருக்கும் என்பதால், எழுதிவிட்டு மடித்தால் கதை கரணம் போட்டு நிற்கும்.

பெரிய கதைக்கு நான்கு ஏ4 தாளை நடுவில் மடித்தால் 16 பக்கம். மடிப்பில் மூன்று துளை, கோணி ஊசி, தடித்த நூல். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போய், கீழ்த்துளையில் வெளியே வந்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே வந்து முடிச்சு. மேலட்டைக்குப் பழைய சார்ட், நாள்காட்டித் தாள், கல்யாணப் பத்திரிகை எதுவும் ஆகும்.

நன்றாக வந்தவற்றைப் பள்ளிக் கல்வித் துறையின் இதழ்களுக்கு அனுப்புங்கள். 4, 5 வகுப்புக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9 வரை 'தேன்சிட்டு'. வெளிவராமலும் போகலாம் என்பதை அனுப்பும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. வந்திருந்த எழுத்தாளரின் கதைகளும் திரும்பி வந்திருக்கும். கேள்வி நேரத்தில் யாராவது அதைக் கேட்டிருந்தால் இப்போது நினைவுபடுத்தலாம்.

அதே மாதத்தில் ஒரு நாள் கிளை நூலகத்துக்கு நடத்தி அழைத்துப் போங்கள். வெள்ளிக்கிழமை பொதுவாக விடுமுறை, பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். உறுப்பினர் படிவத்தை முன்னாலேயே வாங்கிப் பெற்றோர் கையெழுத்தோடு எடுத்துப் போனால் போன அன்றைக்கே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடலாம். நூலகருக்கும் ஒரு வாரம் முன்பே சொல்லி, சிறார் பிரிவுப் புத்தகங்களை எட்டும் உயரத்துக்கு இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் கட்டிய புத்தகங்களை நோட்டுகளோடு கட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்ற முடியாது, ஆனால் ஒரு நாற்பது பக்க நோட்டில் தனிப் பதிவேடு தொடங்கலாம். 'மா 1', 'மா 2' என்று வரிசை எண், தலைப்பு, எழுதியவர், வகுப்பு, பக்கம். எண்ணை முதுகில் ஒட்டி, அலமாரியில் வந்துபோனவரின் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே அடுக்குங்கள். எடுத்துப் போகிற பிள்ளை பெயரும் தேதியும் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும், மற்றப் புத்தகங்களுக்கு உள்ள அதே விதி. ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதிய 'மா 7'ஐ மூன்றாம் வகுப்புப் பிள்ளை கேட்டு வாங்கிப் போகும்போது, பதிவேட்டை அந்தப் புத்தகத்தை எழுதிய பிள்ளையிடமே கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள்.